எத்தனை பார் என்று கேட்காதீர்கள்

மழைக்காலம் முடிந்த கையோடு எங்கள் தெருவில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் தரையெல்லாம் கறுத்துப் போச்சு. பிரஷர் வாஷர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை பார் வாங்கட்டும்?"

31 வருஷம் குடிநீர்ப் பம்ப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் வருவது நியாயம்தான். ஆனால் கேள்வி சரியில்லை என்பது என் கட்சி. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய், "எத்தனை அடி உயரம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது. பார் என்பது அந்த மிஷினைப் பற்றிய ஒரு எண். நாம் முதலில் பார்க்க வேண்டியது நம் வீட்டுத் தரை, நம் வீட்டுத் தண்ணீர், அந்தத் துப்பாக்கியைப் பிடிக்கப்போகிற கை. இந்த மூன்றையும் பார்த்தபின் கடைக்குப் போனால், விற்பவர் சொல்கிற எண்ணில் நீங்கள் மயங்க மாட்டீர்கள்.

முதலில், வாசலைக் கழுவுவது இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அழகுக்காக என்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதவே மாட்டேன். சிமென்ட் தரை கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பயம் பாசிதான். கும்பகோணத்தில் என் அக்கா, கொல்லைப்புறத்தில் கிணற்றடிக்குப் போகிற நாலடி நடைபாதையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, மூன்று மாதம் படுக்கை, அப்புறம் வாக்கர். இன்றைக்கும் வாக்கர்தான். பார்க்கப் போனபோது அவள் சொன்னது ஒன்றுதான்: "பாசி இருக்குன்னு தெரியும்டா. நாளைக்குத் தேய்க்கச் சொல்லலாம்னு நெனச்சேன்."

வயசானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது பெரும்பாலும் இப்படி விழுவதால்தான். நம் வயதில் வாசல் தரை என்பது வைத்தியச் செலவு சம்பந்தப்பட்ட விஷயம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் வடக்குப் பார்த்த வாசலெல்லாம் பச்சைப் பட்டு விரித்தது போல ஆகிவிடும். அதன் மேல்தான் காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகிறோம்.

ஆகவே பாசி போக வேண்டும். சந்தேகமே இல்லை. ஆனால் மிஷின் வாங்கும் முன் பாசி ஏன் வருகிறது என்று பாருங்கள். அதற்கு வேண்டியது ஈரமும் நிழலும். தரைக்கு வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் நிற்காது. பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது கேட்டுப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஏ.சி. தண்ணீர் சொட்டுகிற இடம், சன்ஷேடிலிருந்து வடிகிற இடம், மொட்டை மாடிக் குழாய் வந்து கொட்டுகிற இடம் – இவற்றைக் கவனித்து ஒரு பைப் போட்டுத் திருப்பிவிட்டாலே பாதிப் பாசி வராது. 200 ரூபாய் பைப்பில் முடிகிற காரியத்துக்கு 10,000 ரூபாய் மிஷின் வேண்டாம்.

"அதெல்லாம் எதுக்கு சார், ஆசிட் ஊத்தினா போயிடும்" என்பார் ஒருவர். போகும். கூடவே தரையின் மேல்தோலும் போகும். சிமென்டும் ஆசிடும் ஜென்மப் பகை. அரித்த தரை சொரசொரவென்று ஆகி, அடுத்த வருஷப் பாசிக்கு உட்கார வாகாக இருக்கும். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடர் தூவிய இடத்தில் ஆசிட் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915இல் படைவீரர்கள் மேல் ஏவிய அதே வாயு. நீரேற்று நிலையத்தில் குளோரின் சிலிண்டர்களோடு வேலை பார்த்தவன் நான். அந்த நெடி ஒருமுறை மூக்கில் ஏறினால் ஆயுசுக்கும் மறக்காது.

சரி, மிஷினுக்கு வருவோம். இது நமக்குப் புதிது இல்லை. டூ வீலர் வாட்டர் சர்வீஸ் கடையில் பெல்ட் போட்ட பம்ப்பும் நீளத் துப்பாக்கியுமாகப் பார்த்திருப்பீர்கள். அதன் குட்டித் தம்பிதான் இது. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1950இல் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயரழுத்தக் கழுவியைச் செய்தது. கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறியதை 1984இல் கொண்டுவந்தது. இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. உள்ளே இருப்பது ஒரு மோட்டார், அது சாய்வான ஒரு தட்டைச் சுற்றுகிறது, தட்டு இரண்டு மூன்று சின்ன பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளுகிறது. தண்ணீர் மெல்லிய துளை வழியே பீறிட்டு வருகிறது. அவ்வளவுதான்.

ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம். மாடிவீட்டுத் தொட்டியிலிருந்து கீழ்க் குழாய்க்கு வருவது முக்கால் பார்தான். கார் டயரில் இரண்டு பாருக்குக் கொஞ்சம் அதிகம். வீட்டுப் பிரஷர் வாஷரில் 100 முதல் 150 பார். சில பெட்டிகளில் பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பார்கள்; அதை 14.5ஆல் வகுத்தால் பார் வந்துவிடும். 1,600 பி.எஸ்.ஐ. என்றால் 110 பார். எண் பெரிதாகத் தெரிகிறதே என்று பிரமிக்க வேண்டாம்.

பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் 'மேக்ஸிமம்' அழுத்தம். ஓடும்போது வருவது அதைவிடக் குறைவு. அது பொய்யா நிஜமா என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு சொல்கிறேன். பம்ப்புக்காரன் கணக்கு, ரொம்பச் சுலபம். பாரை நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதோடு பெருக்கி 600ஆல் வகுங்கள். தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தி, கிலோவாட்டில் கிடைக்கும். 110 பார், 6 லிட்டர் என்றால் 1.1 கிலோவாட். மோட்டார் 1,600 வாட் என்று போட்டிருந்தால் சரி, நம்பலாம். மிச்சம் சூட்டிலும் சத்தத்திலும் போய்விடும். இன்னொரு பெட்டியில் 2,200 வாட், 210 பார், 9 லிட்டர் என்று இருந்தால்? பெருக்கி வகுத்தால் 3.15 கிலோவாட் வரும். 2.2 வாங்கிக்கொண்டு 3.15 கொடுக்கும் மிஷின் இந்த உலகத்தில் கிடையாது. அந்த 210ம் அந்த 9ம் ஒரே நேரத்தில் வராது என்று அர்த்தம். கடையிலேயே செல்போனில் கணக்குப் போட்டுப் பாருங்கள். விற்பவர் முகம் மாறுவதையும் பார்க்கலாம்.

அடுத்தது தரை. நல்ல கான்கிரீட்டும் கிரானைட்டும் எதையும் தாங்கும். பழைய சிமென்ட் பூச்சு தாங்காது. எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே தண்ணீர் புகுந்து பெயர்த்துவிடும். புதிதாகப் போட்ட தரை என்றால் 28 நாளாவது முற்றட்டும். இப்போது பல வீடுகளில் பேவர் பிளாக். அதன் பலமே இடுக்கில் இருக்கும் மணல்தான். கூரான தாரையைக் காட்டினால் மணல் முழுக்க வெளியே வந்து, ஆறு மாதத்தில் கல்லெல்லாம் ஆட்டம் காணும். அகலத் தாரையைச் சாய்வாகக் காட்ட வேண்டும். முடிந்ததும் காயவிட்டு மணலைத் தூவிப் பெருக்கி நிரப்ப வேண்டும். பார்க்கிங் டைல்ஸில் இடுக்குப் பூச்சு போகும். கேட்டுக்கு முன்னால் பெயின்ட்டில் போட்ட கோலம் இருந்தால் வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பாசியோடு கோலமும் போய்விட்டால், அப்புறம் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

இதனால்தான் பாரைவிட முனை முக்கியம் என்கிறேன். பல மிஷின்களில் முனைகள் நிறம் பார்த்து வரும். சிவப்பு ஒற்றைக் கோடாகப் பீய்ச்சும். அதை வீட்டில் யாரும் தொட வேண்டாம். மஞ்சள் 15 டிகிரி, பச்சை 25, வெள்ளை 40. வாசலுக்குப் பச்சை போதும். தட்டு மாதிரி வட்டமாக ஒன்று தனியாகக் கிடைக்கும், சர்ஃபேஸ் கிளீனர் என்று பெயர். அடியில் இரண்டு தாரைகள் சுழலும். அது இல்லாமல் கழுவினால் தரை வரிக்குதிரை மாதிரி கோடு கோடாக நிற்கும். இருந்தால் சீராக வரும், சேறு முகத்தில் தெறிக்காது. 20 பார் அதிகமுள்ள மிஷினுக்குக் கொடுக்கும் காசை இந்தத் தட்டுக்குக் கொடுங்கள்.

இனி தண்ணீர். நம் ஊரில் இதைப் பற்றிப் பேசாமல் வாசல் கழுவுவதைப் பற்றிப் பேசக் கூடாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதையும், ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து இறங்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். பெங்களூருவில் 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள்.

மிஷின் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று விளம்பரம் சொல்கிறது. எதோடு ஒப்பிட்டு என்பதைச் சொல்வதில்லை. எங்கள் வீட்டு டியூப்பில் 20 லிட்டர் பக்கெட் ஒன்றேகால் நிமிஷத்தில் நிரம்புகிறது. அதாவது நிமிஷத்துக்கு 16 லிட்டர். டியூபைப் பிடித்துக்கொண்டு அரை மணி நின்றால் 480 லிட்டர். 6 லிட்டர் மிஷின் முக்கால் மணி ஓடினால் 270 லிட்டர். பக்கெட்டும் தென்னந்துடைப்பமும் வைத்துத் தேய்த்தால் 150 லிட்டரில் முடிந்துவிடும். ஆகவே டியூபைவிட மிஷின் சிக்கனம், துடைப்பத்தைவிட ஊதாரி. இதுதான் உண்மை. துடைப்பம் கேட்கும் விலை வேறு: குனிகிற முதுகு.

தண்ணீர் எவ்வளவு செலவு என்பதோடு எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும் முக்கியம். மிஷின் நிமிஷத்துக்கு 6 லிட்டர் கேட்டால் உங்கள் குழாய் அதைவிட அதிகமாகத் தர வேண்டும். 20 லிட்டர் பக்கெட்டை வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் நிரம்பினால் கவலையில்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆனால், பம்ப் தண்ணீருக்குத் தவிக்கும். தவிக்கிற பம்ப்புக்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கும். கூழாங்கல் உருள்கிற மாதிரிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் பம்ப் தன்னைத் தானே தின்கிற சத்தம். பெரிய நீரேற்று நிலையத்தில் இரும்பு இம்பெல்லரையே தேன்கூடு மாதிரி ஆக்கிவிடும் சமாசாரம் அது. இந்தக் குட்டிப் பம்ப் எம்மாத்திரம்? அப்படிப்பட்ட வீட்டுக்கு, டிரம்மிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும் வசதியுள்ள மிஷினாகக் கேட்டு வாங்குங்கள். போர்த் தண்ணீர் என்றால் நுழைவாயிலில் வடிகட்டி கட்டாயம். வேலை முடிந்ததும் ஒரு நிமிஷம் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டி, உள்ளே தேங்கியதை வெளியேற்றிவிட்டு எடுத்து வையுங்கள். உப்பு உள்ளே காய்ந்தால் அடுத்த வருஷம் மிஷின் எழுந்திருக்காது.

மோட்டாரில் இரண்டு ஜாதி. கார்பன் பிரஷ் உள்ளது இலேசு, விலை குறைவு, அலறும், பிரஷ் தேயும். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், விலை அதிகம், சத்தம் குறைவு, நாள்பட உழைக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுக்கிற வீட்டுக்கு முதல் ஜாதியே போதும். பல வீடு சேர்ந்து உபயோகித்தால் இரண்டாவது. எதுவானாலும், துப்பாக்கியின் விசையை விட்டதும் மோட்டார் நிற்க வேண்டும். உங்கள் ஊரிலேயே சர்வீஸும் வாஷர், ஓஸ் முதலான உதிரிகளும் கிடைக்குமா என்று வாங்கும் முன் விசாரியுங்கள். 1,800 வாட் மிஷின் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும்; சின்ன பிளக் பாயின்ட் வேண்டாம், 16 ஆம்பியரில் எர்த்தோடு போடுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு மின்சாரத்தோடு விளையாடுகிறோம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே தட்டிவிடும் பிரேக்கர் இல்லையென்றால், மிஷினுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

கடைசியாக, கை. 100 பார் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரிச் சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை பாழாகியிருக்கும். அப்படிப் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செருப்பு போதாது, மூடிய காலணி வேண்டும், கண்ணாடி வேண்டும், பேரப்பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும். பாசித் தரையில் நின்று துப்பாக்கியை அழுத்தினால் அது பின்னால் தள்ளும். காய்ந்த இடத்தில் நின்று ஆரம்பித்து, கழுவின இடத்தில் கால் வைத்து முன்னேற வேண்டும். முழங்கால் வலி உள்ள 70 வயதுக்காரர் பாசியில் வழுக்கக் கூடாது என்று மிஷின் வாங்கி, அதே பாசியில் மிஷினோடு வழுக்கினால் எப்படி?

அப்படியானால் யார் பிடிப்பது? பெரும்பாலான வீடுகளில் வாசல் தேய்ப்பது வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிதான். எங்கள் வீட்டுக்கு வருபவர் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, "சார், மிஷின் வந்துட்டா எனக்குச் சம்பளம் கொறச்சிடுவீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கும் ஐம்பது வயதாகிறது, முதுகு வலி அவருக்கும் உண்டு. "கொறைக்க மாட்டேன்மா. நீங்க கத்துக்கிட்டா மத்த வீட்டுக்காரங்ககிட்ட தனியா காசு வாங்கிக் குடுக்கறேன்" என்றேன். இந்த வருஷம் எங்கள் பக்கம் நான்கு வீட்டு வாசலை அவர்தான் கழுவினார். ஒரு வீட்டுக்கு 300 ரூபாய். மிஷினின் பலன் மிஷின் வாங்கினவனுக்கு மட்டும் போய்ச் சேரக் கூடாது, இத்தனை நாள் குனிந்த முதுகுக்கும் கொஞ்சம் போக வேண்டும் என்பது என் எண்ணம்.

இதிலிருந்தே என் முடிவான யோசனையும் வருகிறது. வாசலுக்கு வருஷத்தில் இரண்டு கழுவல் போதும்: மழை தொடங்கும் முன் தீபாவளியை ஒட்டி ஒன்று, மழை விட்டபின் பொங்கலுக்கு முன் ஒன்று. நடுவில் பாசி தெரிந்தால் அன்றைக்கே துடைப்பம். மீதி 363 நாளும் மிஷின் மாடிப்படிக்கு அடியில் தூங்கும். ரப்பர் காயும், உப்பு பூக்கும். எனவே வீட்டுக்கு ஒன்று வேண்டாம். ஐந்தாறு வீடு சேர்ந்து, 120 பார் அளவில், நிமிஷத்துக்கு 6, 7 லிட்டர் தரும் இண்டக்‌ஷன் மோட்டார் மிஷின் ஒன்றை வாங்குங்கள். அதோடு சர்ஃபேஸ் கிளீனர் தட்டு, 8 மீட்டர் ஓஸ், ஒரு வடிகட்டி. யாராவது ஒருவர் ஒழுங்காகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளட்டும், அவருக்குக் கூலி கொடுங்கள். தெருவிலேயே வயசான வீட்டு வாசல் எதுவோ அதை முதலில் கழுவுங்கள்.

என்னிடம் கேட்ட மூன்று பேரில் இருவர் சேர்ந்துகொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர் 210 பார் மிஷினுக்கு ஆர்டர் போட்டுவிட்டதாகக் கேள்வி. அவர் வீட்டு வாசல் பேவர் பிளாக். நாளைக்கு அவரைப் பார்த்து, முனையை மட்டுமாவது பச்சையாகப் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும்.